பூஞ்சைப் பொருத்தம்

நனையூரில் பெண் பார்க்கப் போவதற்கு முன்னால் பூஞ்சை பார்க்கப் போவார்கள்.

மலையடிவாரத்துச் சாரல் ஊர் அது. பாதி வருஷம் கூரை சொட்டும், மீதி வருஷம் சுவர் சொட்டும். நடுக்கூடத்துச் சுவரில் படர்ந்திருக்கும் பூஞ்சைதான் அங்கே குடும்பம் என்பது. மனிதர்கள் அதன் பக்கத்தில் குடியிருப்பவர்கள். ஜன்னல் வைத்துக் கட்டிய வீட்டோடு யாரும் சம்பந்தம் வைத்துக்கொள்வதில்லை. வெயில் வந்து போகிற வீடு என்று ஒருவருடைய வீட்டைச் சொல்லிவிட்டால் அவர் உங்கள் மேல் வழக்குப் போடலாம். போட்டவர்கள் இருக்கிறார்கள், ஜெயித்தும் இருக்கிறார்கள்.

ஒவ்வொரு பூஞ்சைக்கும் ஒரு இருமல் உண்டு. மேலவீட்டு இருமல் அடித்தொண்டையில் தொடங்கி, படிப்படியாக ஏறி, சீழ்க்கை போல முடியும். கீழவீட்டு இருமல் ஒற்றைக் கட்டை, நாய் குரைத்து நிறுத்தியது மாதிரி. திரைக்குப் பின்னால் நின்று இருமினாலும் இன்னார் வீட்டுப் பிள்ளை என்று ஊர் சொல்லிவிடும். பள்ளிக்கூடம் போகிற வயதாகியும் இருமாத குழந்தையை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். டாக்டர் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, ராத்திரியில் சுவரை ஒட்டிப் படுக்கப் போடச் சொல்லி அனுப்புவார்.

கல்யாணப் பேச்சு எடுத்தால், பேரூராட்சியின் பூஞ்சை ஆய்வுப் பிரிவிலிருந்து ஆள் வந்து இரண்டு வீட்டுச் சுவரையும் சுரண்டிக்கொண்டு போக வேண்டும். கஞ்சியை உறைய வைத்த கண்ணாடித் தட்டில் ஒரு ஓரத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பூஞ்சையையும் எதிர் ஓரத்தில் பெண் வீட்டுப் பூஞ்சையையும் வைத்து மூடிவிடுவார்கள். இரண்டும் வளர்ந்து வந்து நடுவில் கலந்துவிட்டால் பொருத்தம். நடுவில் ஒரு கோடு விட்டு இரண்டும் முறைத்துக்கொண்டு நின்றால் பொருத்தமில்லை. கோடும் இல்லாமல், வித்தியாசமும் தெரியாமல் இருந்தால் இரண்டு வீடும் ஒரே வம்சம், பங்காளிகள். கல்யாணப் பேச்சே தப்பு. மாப்பிள்ளைப் பூஞ்சை பெண் பூஞ்சையை முழுதாகத் தின்றுவிட்டால் உத்தமப் பொருத்தம் என்று வெடி போடுவார்கள். பெண் பூஞ்சை மாப்பிள்ளைப் பூஞ்சையைத் தின்றுவிட்டால், தட்டு கை தவறிக் கீழே விழுந்துவிடும். அப்படி விழுவதற்கென்றே அலுவலகத்தில் ஒரு மூலையில் கல் போட்டிருந்தார்கள்.

பொற்கொடி அந்தப் பிரிவில் ஆய்வாளராக இருந்தாள். நுண்ணுயிரியல் படித்தவள். நனையூரில் பெரிய வீட்டுப் பிள்ளைகள் யாரும் அதைப் படிப்பதில்லை. சொந்தக் குடும்பத்தைப் பற்றிப் புத்தகத்தில் படித்தா தெரிந்துகொள்ள வேண்டும் என்பார்கள். அதனால் அந்த வேலைக்கு விண்ணப்பித்தது அவள் ஒருத்திதான். அவளை எடுத்த பிறகுதான் அவள் காளவாய்த் தெருக்காரி என்று ஊருக்கு உறைத்தது.

காளவாய்த் தெரு ஊருக்கு வெளியே இருந்தது. அங்கே சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு வெளியூருக்கு அனுப்புவார்கள். உள்ளூரில் யாரும் சுண்ணாம்பைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை, 'வெள்ளை' என்பார்கள். சுண்ணாம்பு பட்ட இடத்தில் பூஞ்சை பட்டுப்போகும். ஆகவே சுண்ணாம்பு பட்ட மனிதர்கள் வாசலோடு நின்றாக வேண்டும். பொற்கொடி காளவாய்ப் பக்கம் போய் வருஷக்கணக்காகியிருந்தாலும், ஆய்வுக்குப் போகிற வீடுகளில் அவளை முதலில் நனைந்த கோணியில் நிற்க வைப்பார்கள். கால் ஊறியதும் கஞ்சியில் கையை முக்கச் சொல்வார்கள். பிறகு, "உள்ள வாங்க மேடம்" என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். பட்டதாரிக்கு உரிய மரியாதையை அவர்கள் ஒருநாளும் குறைத்ததில்லை.

அவளுடைய தகுதிகாண் பருவம் முடிகிற நேரம் அது. பூஞ்சைக் குழுவின் தலைவர் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவள் வீட்டில் முதன்முதலாக நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கியது அவள்தான். அந்த நாற்காலிக்காக அவளுடைய அப்பா சுடலைமுத்து காளவாய் வேலையை விட்டிருந்தார். அப்பா தலையிலிருந்து உதிரும் தூள் மகள் தலையில் ஒட்டும், மகள் தலையிலிருந்து ஊர்ச் சுவரில் ஒட்டும் என்று யாரோ மனுப் போட்டிருந்தார்கள். கையில் ஊறிய சுண்ணாம்பு போகட்டும் என்று அவர் பகல் முழுக்க இரண்டு கையையும் கஞ்சி வாளிக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பிட மட்டும் எடுப்பார். கையெழுத்து விழாவிட்டால் அவருக்கும் போக இடமில்லை. காளவாயில் அவருடைய இடத்தில் வேறு ஆள் வந்தாயிற்று.

பூஞ்சையுள்ள வீட்டுத் தலைவர்கள்தான் பூஞ்சைக் குழுவில் இருக்கலாம். அதன் தலைவர் மேலவீட்டு ஆவுடையப்பன். அந்தச் சமயத்தில்தான் அவருடைய மகள் கோமுவுக்குச் சம்பந்தம் கூடி வந்தது. மாப்பிள்ளை கீழவீட்டுச் சபாபதி. அவனுடைய அப்பா குற்றாலிங்கம் அதே குழுவுக்குத் துணைத்தலைவர். இரண்டு பேரும் நேரில் ஒருவரையொருவர் தாங்கிப் பேசுவார்கள், தனியாக இருக்கும்போது மற்றவர் பூஞ்சையை மட்டமாகப் பேசுவார்கள்.

மேலவீட்டுப் பூஞ்சைக்குப் 'பெரியவர்' என்று பெயர். கூடத்துச் சுவரை அடைத்துக்கொண்டு கன்னங்கரேலென்று இருக்கும். அதற்குச் சந்தனம் வைத்து, மாலை போட்டு, கீழே சரவிளக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். விளக்கு அணைந்ததே இல்லை என்பது மேலவீட்டின் பெருமைகளில் ஒன்று. கல்யாணப் பத்திரிகையில் பெரியவர் பெயர்தான் முதலில் வரும், பிறகு தெய்வம், பிறகு ஆவுடையப்பன்.

பொற்கொடி கோணியில் நின்று, கஞ்சியில் கை நனைத்து, உள்ளே போனாள். வீட்டார் எல்லோரும் வரிசையாக நின்று ஒருமுறை இருமினார்கள், அது வரவேற்பு. அவள் சுரண்டுகத்தியைப் பெரியவர் மேல் வைத்தாள். மாவு மாதிரி உதிர்ந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தாள். எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது. அதை டப்பியில் போட்டு மூடினாள். விரலை நம்பக் கூடாது, தட்டைத்தான் நம்ப வேண்டும் என்று படித்தவள்.

கூடத்தைத் தாண்டி முற்றத்துக் குழாயில் கை கழுவும்போது கோமு பின்னால் வந்து நின்றாள். மெலிந்த பெண். துண்டு கொடுக்கிற சாக்கில் கிட்டே வந்தாள்.

"அக்கா, தட்டுல என்ன வருதோ அத அப்படியே சொல்லிருங்க. எங்கப்பா முகத்தைப் பாக்காதீங்க."

ஏன் என்று பொற்கொடி கேட்டாள். கீழவீட்டுப் பச்சைப் பூஞ்சை மெத்தை மாதிரி தடிமன், அந்த வீட்டுக்குப் போன பெண்கள் எல்லோரும் முதல் ஆவணிக்குள் படுத்த படுக்கையாகிவிடுகிறார்கள், அதைக் கீழவீட்டார் 'பூஞ்சை ஏற்றுக்கொண்டது' என்று சொல்லிச் சந்தோஷப்படுகிறார்கள் என்று கோமு சொன்னாள். கூடத்திலிருந்து கூப்பிட்டதும், ஏறி இறங்கும் மேலவீட்டு இருமலை அழகாக இருமிக்கொண்டே போனாள். அது பாட்டு வகுப்பு மாதிரி பழகி வந்த இருமல் என்பது பொற்கொடிக்குத் தெரிந்தது. நெஞ்சிலிருந்து வருகிற இருமலுக்கு அவ்வளவு சுருதி சேராது.

அலுவலகத்தில் அவள் இரண்டு தட்டு வைத்தாள். ஒன்றில் கீழவீட்டுப் பச்சையும் மேலவீட்டுக் கருப்பும். இன்னொன்று ஒப்பீட்டுத் தட்டு. எதுவுமே வளரக் கூடாத ஒரு தட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவள் கல்லூரியில் படித்த முறை. நனையூரில் எதுவுமே வளராத சுவர் என்று அவளுக்குத் தெரிந்தது அவள் வீட்டுச் சுவர் ஒன்றுதான். ஆகவே ஒவ்வொரு ஆய்வுக்கும் தன் வீட்டுச் சுவரையும் கொஞ்சம் சுரண்டி எடுத்து வந்து வைப்பாள். அதைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

பச்சை வளர்ந்தது. கழுத்தில் துண்டு போட்ட பண்ணையார் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தட்டு முழுக்க உலாவியது. கருப்பு வைத்த இடத்தில் கருப்பாகவே இருந்தது. ஒப்பீட்டுத் தட்டில் எப்போதும் போல ஒன்றுமில்லை. பொற்கொடி மறுபடி போய்ச் சுரண்டி வந்தாள், கருப்பை மட்டும் தனித் தட்டில் வைத்தாள். கஞ்சியை மாற்றினாள், இடத்தை மாற்றினாள். கருப்பு அசையவில்லை. கடைசியில் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். விளக்குக்கரி. தலைமுறை தலைமுறையாகக் கீழே எரிந்த சரவிளக்கு பெரியவரை எப்போதோ கருக்கிவிட்டு, அந்த இடத்தில் தானே படிந்து உட்கார்ந்திருந்தது.

பிரிவின் சூப்பிரண்டு ஞானதிரவியம் சார் எந்த விஷயத்தையும் ஒடிக்காமல் நெளித்தே முடிக்கத் தெரிந்தவர். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். உன் கையெழுத்து யார் கையில் இருக்கிறது என்று நினைவிருக்கட்டும் என்றார். பிறகு ஒரு வழியும் சொன்னார்.

"வளரலைன்னு எழுதாதம்மா. வளர விருப்பமில்லைன்னு எழுது. ரெண்டும் ஒண்ணுதானே."

பொற்கொடி ராத்திரி முழுவதும் அதை யோசித்தாள். இரண்டும் ஒன்றில்லை என்றுதான் திரும்பத் திரும்பப் பட்டது. விடிந்ததும் அப்பாவிடம் சொன்னாள். வாளிக்குள் கையை விட்டபடி அவர் கேட்டார்.

"உண்மையச் சொன்னா கையெழுத்துப் போடுவாரா தாயி?"

"போட மாட்டாருப்பா."

"அப்ப நான் கையை வெளிய எடுத்துரலாமா?"

"இருக்கட்டும்பா. சாயங்காலம் வரைக்கும் பாப்போம்."

முடிவை இரண்டு வீட்டார் முன்னாலும் ஆய்வாளர் நின்று வாசிக்க வேண்டும் என்பது வழக்கம். மேலவீட்டுக் கூடத்தில் ஜமுக்காளம் விரித்து எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். பொற்கொடி கோணியில் நின்று ஊறி வந்து, தட்டுகளை நடுவில் வைத்து, வாசித்தாள். கீழவீட்டுப் பூஞ்சை உயிரோடு இருக்கிறது. மேலவீட்டுச் சுவரில் உயிருள்ளது எதுவும் இல்லை. அது விளக்குக்கரி. அவள் ஒரு சொல்லையும் விடவில்லை.

ஆவுடையப்பன் தட்டைப் பார்த்தார். கோமு தரையைப் பார்த்தாள். குற்றாலிங்கம்தான் முதலில் முன்னால் குனிந்து, தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். பச்சை தட்டை முழுக்க நிறைத்திருப்பதைப் பார்த்தார். கருப்பு அதன் காலடியில் ஒரு பொட்டாகக் கிடப்பதைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"அத்தான், இதல்லவா அடக்கம். எங்க பூஞ்சை வந்து மேல ஏறி நிக்கிது, உங்க பூஞ்சை ஒரு வார்த்தை பேசல பாருங்க."

கூடத்தில் ஒரு முனகல் பரவியது. கோடு போடாத பூஞ்சை, எதிர்த்து வளராத பூஞ்சை, வைத்த இடத்தில் இருக்கிற பூஞ்சை. கீழவீட்டுப் பெண்கள் வாயில் கை வைத்துக்கொண்டார்கள். தன் பிறந்த வீட்டுப் பூஞ்சை தன் கல்யாணத்தில் அப்படி இல்லையே என்று ஒருத்தி வருத்தப்பட்டாள். கரி என்று சொன்னாளே என்று யாரோ கேட்டதற்கு, தீயில் குளித்து வந்த பூஞ்சைக்குக் கரி படியாமல் என்ன செய்யும் என்று ஆவுடையப்பனே பதில் சொன்னார். அதுவரை அவருக்கும் அது தெரியாது. சொன்ன பிறகு எப்போதும் தெரிந்திருந்தது மாதிரி ஆகிவிட்டது.

பொற்கொடி மறுபடி ஒருமுறை, அங்கே எதுவும் இல்லை என்று சொன்னாள். அதைத்தானேம்மா நாங்களும் சொல்கிறோம் என்று அவர்கள் அன்பாகச் சொன்னார்கள்.

வெடி போட ஆள் கிளம்பியபோது குற்றாலிங்கம் பக்கத்திலிருந்த மற்ற தட்டைப் பார்த்துவிட்டார். இது யார் வீட்டுப் பூஞ்சை, இதுவும் இவ்வளவு அடக்கமாக இருக்கிறதே என்று கேட்டார். அவள் பொய் சொல்லிப் பழகாதவள். எங்கள் வீடு என்றாள்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். தனியாக வைத்த மேலவீட்டுத் தட்டிலும் ஒன்றும் வளரவில்லை, காளவாய்த் தெருத் தட்டிலும் ஒன்றும் வளரவில்லை. கோடு இல்லை, வித்தியாசம் இல்லை. விதி தெளிவாக இருந்தது. ஆவுடையப்பன் வெகுநேரம் யோசித்துவிட்டு, நனையூர் வழக்கத்துக்கு மாறாக நான் நடக்க முடியாது, சுடலைமுத்து எனக்குப் பங்காளி என்றார்.

இதனால் காளவாய்த் தெருவுக்கு என்ன வந்தது என்று கேட்டால், பந்தியில் வேறு இடம் வந்தது. சுண்ணாம்புப் பங்காளி என்று ஒரு பிரிவை அங்கேயே உண்டாக்கினார்கள். எல்லா உரிமையும் உண்டு. சேர்ந்து சாப்பிடுவதும் வீட்டுக்குள் வருவதும் மட்டும் இல்லை. கோணியில் நிற்கும் நேரத்தைப் பாதியாகக் குறைத்தார்கள்.

எழுந்து போகும்போது பொற்கொடி தன் வேலை நிரந்தர உத்தரவைப் பற்றிக் கேட்டாள். ஆவுடையப்பன் அவள் தலையில் கை வைத்தார். கை ஈரமாக இருந்தது.

"நேத்துவரைக்கும் நீ அடுத்த வீட்டுப் பிள்ள. கையெழுத்துப் போட்டிருக்கலாம். இப்ப என் பங்காளி மகளாயிட்டியே மக்கா. சொந்தக்காரிக்கு நானே கையெழுத்துப் போட்டா ஊரு காறித் துப்பாதா?"

உறவினருக்குக் கையெழுத்திடக் கூடாது என்று உண்மையிலேயே விதி இருந்தது. ஞானதிரவியம் சார் அதை எடுத்துக் காட்டினார். மேலவீட்டாருக்கு வேண்டியவர்களுக்குத் தலைவர் கையெழுத்துப் போடுவதைத் தடுக்க எப்போதோ எழுதிய விதி. அதுவரை யாருக்கும் அது பயன்பட்டதில்லை. தலைவர் உறவானால் துணைத்தலைவர் போடலாம் என்றும் அதிலேயே இருந்தது. குற்றாலிங்கத்துக்கு ஆட்சேபம் எதுவுமில்லை. ஆனால் தாலி ஏறிவிட்டால் அவரும் சம்பந்தி, பொற்கொடிக்கும் உறவாகிவிடுவார். ஆகவே முகூர்த்தத்துக்கு முன்னால், கல்யாண மண்டபத்திலேயே போட்டுத் தருகிறேன் என்றார். நாலு பேர் பார்க்கப் போட வேண்டும் என்பது அவர் ஆசை.

கல்யாணத்துக்குள் ஊர் மாறிவிட்டது. மேலவீட்டு அடக்கம் பற்றிய செய்தி பரவியதும், வளர்கிற பூஞ்சை வைத்திருந்த வீடுகளுக்கு வெட்கமாகப் போயிற்று. தாத்தா காலத்திலிருந்து இப்படி வாயாடிக்கொண்டு சுவரில் அலைகிறதே என்று பூஞ்சையைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்கள். வீட்டுக்கு வீடு சரவிளக்கு வாங்கி சுவரோடு ஒட்டி வைத்துக் கருக்கினார்கள். எண்ணெய் கிடைக்காமல் தென்காசிக்கு ஆள் அனுப்பினார்கள். சுண்ணாம்பு அடித்தால் ஒரு பகலில் முடிகிற வேலை. ஆனால் சுண்ணாம்பு கேவலம், புகை கௌரவம். இருமலும் நன்றாக வந்தது.

கருக்கி முடித்த வீடுகள் ஒவ்வொன்றும் பொற்கொடியைக் கூப்பிட்டுச் சுரண்டக் கொடுத்தன. எதிலும் எதுவும் வளரவில்லை. விதிப்படி அவர்கள் எல்லோரும் மேலவீட்டுக்குப் பங்காளிகள் ஆனார்கள். அதாவது பொற்கொடிக்கும். தெருவில் அவளைப் பார்க்கிற குழு உறுப்பினர்கள் பாசமாக விசாரித்துவிட்டு, கையெழுத்துத்தான் போட முடியாமல் போய்விட்டது என்று அங்கலாய்த்துக்கொண்டு போனார்கள். அவள் குற்றாலிங்கத்தின் வீட்டை மட்டும் தினமும் கடந்து போய்ப் பார்த்தாள். பச்சை வாசல் நிலைவரை வந்து செழிப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு மூச்சு வந்தது.

முகூர்த்தத்தன்று விடிகாலையில் கடைசி ஆய்வு ஒன்று உண்டு. இரண்டு வீட்டுச் சுவரையும் முந்தின நாள் புதிதாகச் சுரண்டி வைத்த தட்டை மணமேடையில் வைத்து, திரும்பவும் ஒருமுறை எல்லோரும் பார்ப்பார்கள். வழக்கமாக அதை யாரும் கூர்ந்து பார்ப்பதில்லை. முந்தின நாள் பொற்கொடி சுரண்டுகத்தியோடு கீழவீட்டுக்குப் போனாள். கூடம் கருகி இருந்தது. பச்சை இருந்த இடத்தில் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. பெண் வீடு அடக்கத்தில் தங்களைவிட உயர்ந்து நிற்பதைத் தாங்காமல் குற்றாலிங்கம் அவசர அவசரமாகப் பந்தங்களையே கொளுத்திப் பிடித்திருந்தார். மாப்பிள்ளை சபாபதியின் புருவமும் கருகியிருந்தது. ஊரிலேயே அதிக அடக்கமான பூஞ்சை இனி நம்முடையதுதான் என்று குற்றாலிங்கம் அவளிடம் சொன்னார்.

மண்டபத்தில் மேளம் அடங்கியது. பொற்கொடி மேடையில் தட்டைத் திறந்தாள். இரண்டு ஓரத்திலும் இரண்டு கரிப் பொட்டு. நடுவில் கோடு இல்லை, வித்தியாசம் இல்லை. அவள் இருப்பதை இருப்பது போலச் சொன்னாள்.

பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். பேச அதிகம் இருக்கவில்லை. கோமுவும் சபாபதியும் ஒரே வம்சம், அண்ணன் தங்கை. சபாபதி மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பெண்ணின் அண்ணன் செய்ய வேண்டிய வேலையாகப் பந்திக்குச் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு போனான். குற்றாலிங்கம் எழுதுகோலைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு பொற்கொடியிடம் வந்தார். சித்தப்பா முறை ஆகிவிட்டேனே, இனி எப்படிப் போட என்றார்.

சமையல் முடிந்திருந்தது. முகூர்த்த நேரம் கிட்டே வந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையாகத் தகுந்த, வேறு வம்சத்துப் பூஞ்சை ஊரில் இல்லை. எல்லோரும் பங்காளிகளாக உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாருக்கும் இரும வரவில்லை.

கோமு மணையில் உட்கார்ந்தபடியே நிமிர்ந்தாள்.

"அக்கா, பழைய தட்டு வச்சிருக்கீங்களா?"

இருந்தது. கீழவீட்டுப் பச்சையை முதன்முதலில் வைத்த தட்டு. ஆய்வு முடிந்த தட்டுகளை உடனே அழிக்கக் கூடாது என்று படித்திருந்ததால் பொற்கொடி அதைத் துணிப்பையில் வைத்து, அவ்வப்போது கஞ்சி விட்டு, கூடவே கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். எடுத்துக் காட்டினாள். தட்டு நிறைய, தளதளவென்று, பச்சையாக இருந்தது.

"அது கூடத்தானே பொருத்தம் பாத்தீங்க," என்று கோமு எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள். "சபாபதி அண்ணனை யாரும் தட்டுல வைக்கலையே."

அதில் பிழை கண்டுபிடிக்க யாராலும் முடியவில்லை. குற்றாலிங்கம் முயன்றார், அந்தப் பச்சையும் எங்கள் வீடுதானே என்றார். எந்தச் சுவரில் அது இருந்ததோ அந்தச் சுவர் இப்போது வேறு வம்சம், ஆகவே தட்டு தனிக்குடித்தனம் என்று ஆவுடையப்பன் தீர்ப்புச் சொன்னார். மாப்பிள்ளைக்கு வேட்டி கட்ட முடியாததால் தட்டைச் சுற்றிச் சரிகைத் துண்டைக் கட்டினார்கள். மாலை பெரிதாக இருந்தது, ஒரு பூவை மட்டும் பிய்த்து வைத்தார்கள். கோமுவுக்குப் பக்கத்து மணையில் உட்கார வைத்ததும் பெண்கள் குலவையிட்டார்கள்.

நாதசுவரக்காரர் கெட்டிமேளத்துக்கு மூச்சை இழுத்துப் பிடித்தபோது பொற்கொடி எழுந்து நின்றாள். அவள் அவ்வளவு பேர் முன்னால் தனக்காக எதையும் கேட்டதில்லை. தாலி ஏறும்வரை மாப்பிள்ளை இந்த மண்டபத்தில் யாருக்கும் உறவில்லை என்றாள். எனக்கும் இல்லை. பூஞ்சையுள்ள வீட்டுத் தலைவர்தான் குழுவில் இருக்கலாம் என்றால், இப்போது ஊரில் பூஞ்சையுள்ளவர் இவர் ஒருவர்தான். இவர் உயிரோடு இருப்பதை நானே பரிசோதித்து உறுதி சொல்ல முடியும்.

ஆவுடையப்பன் மருமகனைப் பார்த்தார். மருமகன் அசைவில்லாமல் இருந்தார்.

"ஆட்சேபம் சொல்லல. வாங்கிக்கோ மக்கா. சீக்கிரம், நேரம் ஆகுது."

பையிலிருந்து உத்தரவை எடுத்து, கையெழுத்துக்கான இடத்தில் தட்டைக் கவிழ்த்து மெதுவாக அமுக்கினாள். எடுத்தபோது பச்சையாக, வட்டமாக, கைநாட்டு விழுந்திருந்தது. தட்டை மறுபடி மணையில் வைத்தாள். கெட்டிமேளம் கொட்டியது. அட்சதை விழுந்தது. சபாபதி தங்கைக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டே மோர் ஊற்றினான். சாப்பாடு முடிந்ததும் கோமு மாப்பிள்ளையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, மதுரை பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தாள். தனிக்குடித்தனம் என்பதால் யாரும் தடுக்கவில்லை. மாப்பிள்ளைக்குக் கஞ்சியில் உப்புப் போடலாமா என்று அவளுடைய அம்மா பொற்கொடியிடம் கேட்டாள். வேண்டாம் என்றாள் பொற்கொடி.

மறுநாள் ஞானதிரவியம் சார் உத்தரவை வாங்கி, கைநாட்டைப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். ஒரே இரவில் அது அரை விரல் அகலம் வளர்ந்து, தேதியைத் தொட்டிருந்தது. செல்லும் என்று சொல்லி, அறையிலேயே ஈரமான அலமாரியில் அதை நிமிர்த்தி வைத்து, அலமாரிச் சாவியையும் ஒரு சின்னக் கரண்டியையும் அவளிடம் கொடுத்தார்.

"தினமும் ஒரு கரண்டி கஞ்சி. கையெழுத்து செத்துப்போனா சர்வீஸ் போயிரும்."

"லீவு நாள்லயும் வரணுமா சார்?"

"லீவு நாள்ல அது கொஞ்சம் கூடவே சாப்பிடும்மா," என்றார் அவர்.

பொற்கொடி கஞ்சி காய்ச்ச அடுப்பைப் பற்றவைத்தாள்.